மரத்தைப் பற்றிப் பேசச் சம்பளமா?

(பி.எஸ்ஸி. தாவரவியல், 1974–77)

முன்னாள் மாணவர் சங்கத்து மலர்க் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, "உங்க துறையப் பத்தி ஒரு கட்டுரை வேணும் அண்ணாச்சி" என்றார்கள். "எந்தத் துறைன்னு போடப் போறீங்க?" என்று கேட்டேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவுக்கே கடைசி வரை அது விளங்கவில்லை. "எம்மவன் மரத்தப் பத்திப் பேசுதான். அதுக்குச் சம்பளம் குடுக்காவ" என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையும் அதுதான். நான் மரம் நட்டவன் அல்லன். காட்டைக் காவல் காத்தவனும் அல்லன். காட்டைப் பற்றி மக்களிடம் பேசியும், எழுதியும், வானொலியில் சொல்லியும், நோட்டீஸ் அச்சடித்தும் முப்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவன். இப்படி ஒரு வேலை நம் நாட்டில் எப்படி வந்தது, அதில் நான் எங்கே சறுக்கினேன் என்பதை இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் அறியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் விளம்பரம் ஒரு பலகை

1976-ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் வகுப்பை முண்டந்துறைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். பாபநாசம் வரை பஸ். அதற்கு மேல் ஒரு லாரி. வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர் ஒருவர். பேராசிரியர் ஒரு மரத்தைக் காட்டி லத்தீன் பெயர் சொல்வார். அதே மரத்துக்கு வழிகாட்டி வேறொரு பெயர் சொல்வார். பேராசிரியர் எங்களை விட்டுவிட்டு அவரிடம் கேட்டுக் கேட்டுத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

காட்டு எல்லையில் ஒரு பலகை நின்றது. அனுமதியின்றி நுழைவோர் தண்டிக்கப்படுவர் என்ற பொருளில் கறுப்பு மையில் இரண்டு வரி. காட்டைப் பற்றி அரசாங்கம் மக்களுக்குச் சொன்ன முதல் செய்தி அந்தப் பலகைதான் என்பது எனக்குப் பல வருடம் கழித்தே உறைத்தது.

அந்தப் பலகைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1856-இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹ்யூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் மரம் ஏராளமாகத் தேவைப்பட்ட காலம். 1864-இல் இந்தியா முழுமைக்குமாக வனத்துறை ஏற்பட்டு, டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அதன் தலைவரானார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் 'ரிசர்வ்' ஆயின. அதுவரை விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் வழக்கம்போல் போய் வந்தவர்கள் ஒரே சட்டத்தில் அத்துமீறுவோர் ஆனார்கள். அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பலகைதான் பேசியது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொனி சற்று மாறியது. 1950-இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வனமகோற்சவத்தைத் தொடங்கி வைத்தார். தடை போய் விழா வந்தது. 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பஸ்ஸிலும் சுவரிலும் எழுதினோம். நல்ல வாசகம்தான். ஆனால் நட்ட கன்றைப் பற்றியே பேசியதில் ஏற்கெனவே நின்ற காட்டைப் பற்றிய பேச்சு குறைந்துபோனது.

நம் ஊர்க்காரர் ஒருவர்

தனி மனிதராக இந்த வேலையைச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து பத்தி எழுதினார். நாற்பத்தாறு வருடம்! யானையும் அணிலும் அவருக்கு ஒன்றுதான். எதையும் கண்ணால் பார்த்த பிறகே எழுதுவார். தமிழிலும் எழுதினார். நெல்லையில் பிறந்த இவரைப் பற்றி நாங்கள் படித்த மூன்று வருடத்தில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. இன்றைய மாணவர்களுக்காவது சொல்லுங்கள்.

மலையாளக் கரையில் கற்றது

பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல், 1978-இல் திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தில் தமிழ்ப் பிழை திருத்தப் போனேன். அங்கேதான் 'சைலன்ட் வேலி' என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். 1973-லேயே திட்டக்குழு சம்மதம் கொடுத்துவிட்டது. மூழ்கப் போவது எண்ணூறு ஹெக்டேருக்குச் சற்று அதிகமான மழைக்காடு. அங்கே சிங்கவால் குரங்கு என்னும் சோலைமந்தி வாழ்கிறது.

எதிர்த்துக் கிளம்பியவர்கள் பெரிய கட்சிக்காரர்கள் அல்லர். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு அறிவியலைத் தாய்மொழியில் பரப்பி வந்தது. எம்.கே. பிரசாத் போன்ற தாவரவியல் ஆசிரியர்கள் அதில் எழுதினார்கள், ஊர் ஊராகப் பேசினார்கள். கவிஞர் சுகதகுமாரி கவிஞர்களைத் திரட்டினார்.

1980-இல் ஒரு மாலைக் கூட்டத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஒருவர் எழுந்து மின்சாரக் கணக்கைக் கரும்பலகையில் போட்டார். அடுத்தவர் கவிதை படித்தார். அதற்கடுத்தவர் குரங்கைப் பற்றிப் பேசினார். 'மின்சாரமே வேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை. 'வேறு வழியில் எடுக்கலாம், இதோ கணக்கு' என்றார்கள். எனக்கு மலையாளம் அரைகுறைதான். இருந்தும் கூட்டம் முடியும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

1983-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. 1985 செப்டம்பர் 7-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பேச்சாலும் எழுத்தாலும் ஒரு காட்டைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

வடக்கே சிப்கோ இயக்கம் வேறொரு பாடம். 1973-இல் சமோலி மாவட்டத்து மண்டல் கிராமத்தில் விளையாட்டுப் பொருள் கம்பெனிக்கு மரம் வெட்ட வந்தவர்களை ஊரார் தடுத்தார்கள். 1974 மார்ச் 26-இல் ரேணி கிராமத்தில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து ஆட்கள் வர, கௌரா தேவி தலைமையில் இருபத்தேழு பெண்கள் மரங்களை மறித்து நின்றார்கள். அந்தச் செய்தி உலகமெல்லாம் போயிற்று. இந்தப் பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவர்களிடம் வருகிறேன்.

வானொலி நாட்கள்

1983-இல் ஊர் திரும்பினேன். திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு அவ்வப்போது எழுதிக் கொடுத்தேன். 1987 நவம்பர் 1-ஆம் தேதி 'மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்போம்' நடைப்பயணம் தொடங்கியது. வடக்கே நவாப்பூரிலிருந்து ஒரு குழு, தெற்கே கன்னியாகுமரியிலிருந்து ஒரு குழு; மறு வருடம் பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தார்கள். நம் மாவட்டத்துக்குள் அவர்கள் வந்தபோது டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் கூடவே நடந்தேன். மூன்றாம் நாள் கால் வீங்கிப் படுத்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்!

அடுத்த வருடமே, 1988-இல், 1962-இல் அமைந்த முண்டந்துறை சரணாலயத்தையும் சோலைமந்திக்காக 1976-இல் அமைந்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தை அறிவித்தார்கள். 1990-இல் ஒரு தொண்டு நிறுவனம் 'மக்கள் தொடர்பு' வேலைக்கு ஆள் தேடியது. போய்ச் சேர்ந்தேன். சம்பளம் 1,200 ரூபாய். அம்மா வாயைப் பிளந்தது அப்போதுதான்.

ஐயாயிரம் நோட்டீஸ்

1991-இல் நான் தயாரித்த முதல் பெரிய நோட்டீஸ் இரண்டு வண்ணம், ஐயாயிரம் பிரதி. ஓவியரிடம் நானே சொல்லி வரையச் சொன்னேன். தலையில் விறகுக்கட்டு, கையில் கோடாலியோடு ஒரு பெண். பின்னால் மொட்டை மலை. மேலே பெரிய எழுத்தில் 'காட்டை அழிக்காதீர்!' பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மலையடிவாரத்து ஊர்களில் டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் ஒட்டினோம்.

ஒரு மாதம் கழித்து ஓர் ஊரில் ஸ்லைடு காட்டப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நின்றார். கையில் என் நோட்டீஸ், நாலாக மடித்தது.

"சார், இந்தப் படத்துல இருக்கது யாரு?"

"யாரும் இல்லம்மா. சும்மா ஒரு பொம்பள மாதிரி..."

"எங்க ஊர்ல தலைச்சுமை தூக்குறது நாங்க பதினஞ்சு பேருதான். அப்ப நாங்கதான இது? எங்க கையில கோடாலி எப்ப சார் இருந்துச்சு? நாங்க காஞ்ச சுள்ளி பொறக்குதோம். ரம்பம் வச்சிருக்கவன் ராத்திரி போறான். பகல்ல போறவளத்தான் நீங்க படம் போடுதிய."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"வழியில நிக்கவனுக்குக் கெட்டுக்கு ரெண்டு ரூவா குடுத்துட்டு இருந்தோம். உங்க நோட்டீசு வந்த பொறவு அஞ்சு ரூவா கேக்கான். 'ஒங்க படத்தையே ஒட்டியாச்சு, இன்னும் என்ன ரெண்டு ரூவா'ன்னு சிரிக்கான். கெட்டு வித்தா எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒரு விறகுக்கட்டு என்ன விலைக்குப் போகும் என்று விசாரிக்காமலேயே நான் விறகைப் பற்றி நோட்டீஸ் போட்டிருந்தேன்.

வழியில் நின்றவன் யார் என்று இங்கே எழுதுவது என் நோக்கமல்ல. அவனுக்கு நான் அச்சடித்துக் கொடுத்த ஆயுதம் எது என்பதுதான் எனக்கு முக்கியம். ரேணிப் பெண்களைப் பற்றி மேடைதோறும் பேசிய நான், என் மாவட்டத்துப் பெண் கையில் கோடாலியைக் கொடுத்திருந்தேன்.

இன்னொரு கூத்தும் அன்று வெளியானது. அருகில் நின்ற பெரியவர் கேட்டார்: "காட்ட அழிக்காதீங்கன்னு போட்டிருக்கிய. காட்ட எவன் சார் அழிப்பான்? அங்கதான உளுந்து போட்டிருக்கோம்?" நம் பக்கத்தில் 'காடு' என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போயிருக்காவ' என்றால் வயல் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் விறகுக்குப் போவது மலைக்கு! 'வனம்' என்றால் ராமர் போனது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. எழுத உட்கார்ந்ததும் மறந்து போயிற்று, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் போய், மீதி நோட்டீஸை நிறுத்திவிடலாம் என்றேன். "கணக்குல எழுதி அனுப்பியாச்சு, இனிமே என்னத்த நிறுத்த?" என்றார்கள். ஒட்டாமல் கிடந்த ஆயிரத்து ஐந்நூறை வீட்டுக்கு எடுத்துப் போனேன். வெளுத்த பின்பக்கத்தில் என் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழகினார்கள். ஒட்டிய மூவாயிரத்து ஐந்நூறை என்னால் திரும்பப் பெற முடியவில்லை. மழைதான் மெல்ல மெல்லக் கிழித்தது.

143 அடி

அதன்பிறகு எழுதுவதற்கு முன் போய் உட்கார்ந்து கேட்பது என்று வைத்துக்கொண்டேன். அப்படிக் கேட்டதில் ஒன்று விளங்கியது. நம் மாவட்டத்தில் பேப்பர் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். பாபநாசம் அணை நிரம்பினால் 143 அடி. டீக்கடையில் "இன்னிக்கு எத்தன அடி?" என்று கேட்டால் எந்த அணை என்று சொல்ல வேண்டியதில்லை. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகள் வழியாக நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் பாய்கிறது. மலைமேல் சோலை பெய்த மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.

எனவே அடுத்த நோட்டீஸில் புலியும் இல்லை, பெண்ணும் இல்லை. அணையின் அளவுகோல் மட்டும். 'அணையில் எத்தனை அடி என்று தினமும் பார்க்கிறோம். அதற்கு மேலே இருக்கும் மலையைப் பார்த்தோமா?' இதற்குத்தான் டீக்கடையில் முதல்முறையாக வாக்குவாதம் நடந்தது. கேட்பவர்கள் வாக்குவாதம் செய்தால் நம் சொல் உள்ளே போயிற்று என்று அர்த்தம்.

வில்லுப்பாட்டுக்குழு ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து காட்டுக்குள்ளேயே தங்குவார்கள். அங்கே போய் 'வராதீர்' என்று சொன்னால் எடுபடுமா? அய்யனாரே மலையைக் காவல் காக்கிறவர். அவர் வீட்டைக் குப்பையாக்கலாமா என்று பாடினார்கள். சிலர் கேட்டார்கள். பலர் கேட்கவில்லை. ஆற்றில் துணி விடும் பழக்கம் அதற்கப்புறமும் நிற்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

நாட்டின் போக்கும் மாறிக்கொண்டிருந்தது. மேற்கு வங்கத்தில் அராபாரி என்ற இடத்தில் 1970-களில் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி ஊர் மக்களோடு பங்கு பேசிச் சால் காட்டை மீட்டார். 1988-இல் புதிய தேசிய வனக்கொள்கை வந்தது. 1990 ஜூன் 1-ஆம் தேதி மத்திய அரசின் சுற்றறிக்கை, காட்டுப் பாதுகாப்பில் ஊர் மக்களைக் கூட்டாளிகளாகச் சேர்க்கச் சொன்னது. 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு களக்காடு முண்டந்துறையில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஊர்தோறும் வனக்குழு, விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்பு, சாண எரிவாயு, தொழில் செய்யச் சுழல்நிதிக் கடன் எனப் பல ஏற்பாடுகள். நூறு வருடத்துக்கு மேல் பலகை மட்டும் பேசிய இடத்தில், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கூட்டம் பேசியது. அந்தக் கூட்டங்களில் பேசவும் பதிவு செய்யவும் எனக்கு வாய்த்தது என் பாக்கியம். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது, 1882-இல் கேட்கப்படாமல் போன கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் சொல்லத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றியது.

மறுபடி அந்த ஊரில்

ஓய்வு பெற்ற பிறகு, 2017-இல், அந்த ஊருக்குப் போனேன். நாலாக மடித்த நோட்டீஸோடு நின்ற அந்தப் பெண் இப்போது பாட்டி. அடையாளம் சொன்னதும் சிரித்தார்.

"இப்ப விறகுக்குப் போறதில்லையாம்மா?"

"எதுக்குப் போவணும்? கேஸ் அடுப்பு வந்துட்டுல்லா. கவர்மென்டு குடுத்துச்சு."

2007 முதல் தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். என் நோட்டீஸ், ஸ்லைடு, வில்லுப்பாட்டு எல்லாம் சேர்ந்து குறைத்த விறகுச் சுமையைவிட அந்த ஒரு அடுப்பு குறைத்தது அதிகம் என்று தயங்காமல் சொல்வேன். "சிலிண்டர் விலை ஏறுனா மறுபடியும் சுள்ளிதான்" என்று பாட்டி சேர்த்துச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"அப்ப நான் வந்து பேசினதுல ஒரு பிரயோசனமும் இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் ஆற்றாமையோடுதான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். முன்ன எங்களக் கள்ளின்னுதான் எல்லாரும் சொன்னாவ. அப்புறம் நீங்க வந்து கேட்டிய. கேட்டத ரேடியோவுல போட்டிய. எங்க குரல நாங்களே கேட்டோம். அதுக்கப்புறம் வழியில நின்னு காசு கேக்கவனப் பத்திக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னோம். ஒங்க நோட்டீசுல அது எழுதலியே, நாங்கதான சொன்னோம்."

முப்பது வருட வேலைக்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் இதுதான். இதில் எனக்குப் பாதிப் பங்குகூட இல்லை என்பதும் தெரிகிறது.

அன்பு மாணவர்களே! இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் படம் எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பிவிடலாம். எனக்கு ஐயாயிரம் அச்சடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. என் தவற்றையாவது மழை கிழித்தது. உங்கள் தவற்றைக் கிழிக்க மழை வராது. ஆகவே, காட்டைப் பற்றிச் செய்தி போடுமுன், அதில் யாருடைய முகம் வருகிறது, அவர் கையில் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை அவரிடமே காட்டிக் கேளுங்கள்.

அந்த நோட்டீஸ் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் மூத்தவன் போட்ட வகுத்தல் கணக்கு. விடை தப்பு. ஒன்றுகூடல் விழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். தாவரவியல் துறையின் அறிவிப்புப் பலகையில் இடம் கொடுத்தால் ஒட்டிவிட்டுப் போகிறேன். எங்கள் பேராசிரியர் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் திருத்தியிருப்பார்.